முதற் பக்கங்களில் இருப்பவை வகுப்பறைக்கு வரட்டும்

– உயர்தர வர்த்தகப் பிரிவு மாணவி, டிக்கோயா

நமது ஆசிரியர்களின் மேசையில் இருக்கும் ஆசிரியர் வழிகாட்டியை எடுத்து விரித்துப் பாருங்கள். பாடம் எதுவாக இருந்தாலும் முதற் பக்கங்களில் பெரும்பாலும் ஒரு பட்டியல் இருக்கும். தேசிய கல்வி ஆணைக்குழு 2003ஆம் ஆண்டு அறிக்கையில் முன்வைத்த ஏழு அடிப்படைத் தேர்ச்சிகள்தான் அவை. முதலாவது தேர்ச்சி தொடர்பாடல் பற்றியது. இரண்டாவது ஆளுமை விருத்தி பற்றியது. பகுத்தாராய்ந்து சிந்தித்தல், பிரச்சினை விடுவித்தல், அணியாகப் பணி செய்தல் ஆகியவை இந்த இரண்டாவதற்குள் வருகின்றன.

பட்டியல் அச்சாகி இருபது வருடங்களுக்கு மேலாகிறது. ஆனால் நாம் எழுதும் வினாத்தாள் எதுவும் இவற்றை நேராக அளப்பதில்லை. ஒரு தோழி சொன்ன காரணத்தைக் கேட்டு என் முடிவை மாற்றிக்கொண்டதற்குப் பொருளியல் வினாத்தாளில் புள்ளி கிடையாது. புள்ளி இல்லாத எதுவும் நமது வகுப்பறையில் நெடுநாள் நிற்பதில்லை. ஆகவே இந்த மூன்று சொற்களும் பெயரளவில் நிலைத்துவிட்டன, அர்த்தம்தான் மாறிப்போயிற்று. தொடர்பாடல் என்றால் மேடைப் பேச்சு என்றும், சிந்தனை என்றால் சரியான விடை என்றும், கூட்டு வேலை என்றால் வேலையைப் பங்கு போடுவது என்றும் எடுத்துக்கொண்டோம்.

இந்த மூன்று அர்த்தங்களும் குறைபட்டவை என்பது என் கருத்து. மற்றவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது, கேட்டதைச் சோதித்துப் பார்ப்பது, பிறகு சேர்ந்து ஒரு முடிவுக்கு வருவது என்று இவை ஒரே வேலையின் மூன்று படிகள். ஒன்றை விட்டு மற்றொன்று வளராது. உண்மையான ஒரு வேலையும் அதற்கான பொறுப்பும் எம்மை நம்பித் தரப்படும்போதுதான் மூன்றும் வளர்கின்றன. தோழிகளும் பெற்றோரும் இதைக் கொஞ்சம் சிந்தித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.

மேடையில் மட்டுமா பேச்சு?

தமிழ்மொழித் தினப் போட்டி வந்தால் கல்லூரியே சுறுசுறுப்பாகிவிடும். பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுத்தவர்கள் ஆசிரியர் எழுதிக் கொடுத்த நான்கு பக்கங்களை மனனம் செய்வார்கள். எந்த இடத்தில் குரலை உயர்த்துவது, எங்கே கையை நீட்டுவது என்பதெல்லாம் பழக்கப்படும். இதில் பயன் இல்லை என்று சொல்லமாட்டேன். சபைக்கு அஞ்சாமல் நிற்பது பெரிய விஷயம். ஆனால் அந்தப் பேச்சில் எதிரில் இருப்பவர் வாய் திறப்பதில்லை. நாம் சொன்னது அவருக்கு விளங்கியதா என்று பார்க்கும் தேவையும் இல்லை.

வாழ்க்கையில் நாம் பேசப்போகும் இடங்கள் வேறு. மூத்தம்மாவுக்கு எந்த நேரத்தில் மூச்சுத் திணறுகிறது என்று வைத்தியருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். பிரதேச செயலகத்தில் ஒரு படிவத்தை ஏன் திருப்பித் தந்தார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தினால் தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழியானது. ஆனாலும் அந்த உரிமையைக் கேட்டுப் பெறுவதற்கு நிதானமாகவும் தெளிவாகவும் பேசத் தெரிந்த ஒருவர் வரிசையில் நிற்க வேண்டும். சிங்களத்திலும் நான்கு வசனம் பேச முடிந்தால் இன்னும் நல்லது. நமது மலையகத்தில் பல வீடுகளில் அந்த ஒருவர், படித்துக்கொண்டிருக்கும் மகள்தான்.

தொடர்பாடல் என்றால் என்ன என்பதற்கு நமது ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு முன்மாதிரி உண்டு. 1931ஆம் ஆண்டு கோ. நடேசய்யர் ஹட்டனில் தோட்டத் தொழிலாளருக்கான தொழிற்சங்கம் ஒன்றைத் தொடங்கினார். 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்கும் தெரிவானார். அவர் பத்திரிகை நடத்தியவர், நூல்கள் எழுதியவர். ஆனால் அன்றைய தோட்டத் தொழிலாளரில் அதிகமானோருக்கு வாசிக்கத் தெரியாது. அவருடைய மனைவி மீனாட்சி அம்மை அந்த இடைவெளியைக் கண்டார். மக்கள் ஏற்கெனவே அறிந்த மெட்டுகளில் பாட்டுக் கட்டிக் கூட்டங்களில் பாடினார். வாசிக்கத் தெரியாதவரும் அதைக் கேட்டார், வீட்டுக்குப் போய் முணுமுணுத்தார். கேட்பவர் யார், அவரிடம் எது போய்ச் சேரும் என்று முதலில் யோசித்த பிறகு வாய் திறந்தவர் அவர். அந்த யோசனை இல்லாவிட்டால் எவ்வளவு அழகான பேச்சும் ஒலிபெருக்கியோடு நின்றுவிடும்.

கேள்வி கேட்டால் வாய்க்காரியா?

இரண்டாவது, சிந்தனை. கடந்தகால வினாத்தாள்களைச் செய்து பார்ப்பதே நமது படிப்பின் பெரும் பகுதி. ஒரு வினாவுக்கு ஒரு விடை, அந்த விடைக்கு ஒரு புள்ளித் திட்டம். “ஏன்?” என்று கேட்டால் நேரம் வீணாகும். வீட்டிலும் இதே நிலைதான். ஆண் பிள்ளை ஒரு விஷயத்தை எதிர்த்துக் கேட்டால் “விவரமானவன்” என்பார்கள். அதையே பெண் பிள்ளை கேட்டால் “வாய்க்காரி” என்பார்கள். சின்ன வயதிலிருந்து இதைக் கேட்டு வளர்ந்தவள் பதினேழு வயதில் வகுப்பில் கை உயர்த்தமாட்டாள் என்பதில் ஆச்சரியம் இல்லை.

கேள்வி கேட்பதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. வேண்டியது கண் முன்னால் இருப்பதை ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம். தேயிலை மலைகளில் நடந்த ஒரு சம்பவம் இதற்குச் சான்று. கேரளாவின் மூணாறிலும் நம்மைப் போலவே தமிழ் பேசும் பெண்கள்தான் கொழுந்து பறிக்கிறார்கள். 2015இல் அவர்களுடைய போனஸ் முந்தைய ஆண்டைவிட ஏறக்குறையப் பாதியாகி, 10 வீதத்துக்குக் குறைக்கப்பட்டது. தொழிற்சங்கத் தலைவர்கள் அதை ஏற்றுக்கொண்டதாகச் சொல்லப்பட்டபோது அந்தப் பெண்கள் கேட்டவை எளிமையான கேள்விகள்தாம். மலையில் நிற்பது நாங்கள், பேச்சுவார்த்தை மேசையில் இருப்பது யார்? எங்கள் வீடு இப்படி இருக்க, எங்களுக்காகப் பேசுகிறவர்களின் வீடு எப்படி இருக்கிறது?

அந்த செப்டெம்பர் மாதத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் ஒன்பது நாட்கள் மூணாறு வீதியில் இருந்தார்கள். தலைவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத் தமது பிரதிநிதிகளைத் தாமே அனுப்பினார்கள். போனஸும் கருணைத் தொகையுமாகச் சேர்த்து 20 வீதம் பெற்றார்கள். பின்னர் அந்தக் கூட்டுக்கு “பெம்பிளை ஒருமை” என்ற பெயர் நிலைத்தது. அவர்களில் பலர் நம்மைவிடக் குறைவாகப் பள்ளிக்கூடம் போனவர்கள். ஆனால் கேட்டதை அப்படியே நம்பாமல் ஒப்பிட்டுப் பார்த்தார்கள், பார்த்ததைப் பக்கத்தில் நின்றவரிடம் பேசினார்கள், பிறகு சேர்ந்து நின்றார்கள். நான் சொல்லும் மூன்று படிகளும் அங்கே வரிசையாக இருக்கின்றன.

ஆறு பெயர், ஒரு கை

மூன்றாவது, கூட்டு வேலை. உயர்தர வகுப்பில் குழுச் செயற்றிட்டம் என்று ஒன்று செய்கிறோம். அது எப்படி நடக்கிறது என்று மாணவிகளுக்குத் தெரியும், பெற்றோருக்கு ஓரளவு தெரியும். கையெழுத்து அழகாக உள்ளவள் எழுதுவாள். வரையத் தெரிந்தவள் அட்டைப் படம் செய்வாள். அண்ணன் வீட்டில் கணினி இருக்கிறவள் தட்டச்சுச் செய்து எடுத்து வருவாள். மற்றவர்கள் பைண்டிங் செலவைப் பகிர்ந்துகொள்வார்கள். கொமியூனிகேஷன் கடைகளில் ஆயத்தமாகவே கிடைக்கும் செயற்றிட்டங்களும் உண்டு, பெயரை மட்டும் மாற்றினால் போதும். முன் அட்டையில் ஆறு பெயர் இருக்கும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் ஒருத்திக்குத்தான் தெரியும்.

இதைச் சோம்பல் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. விடை முன்பே தெரிந்த ஒரு தலைப்பைக் கொடுத்தால் ஆறு பேர் கூடிப் பேசுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. “தேயிலையின் வரலாறு” என்ற தலைப்பில் யார் யாரோடு கருத்து வேறுபடுவது? பதில் தெரியாத ஒரு கேள்வி இருந்தால்தான் கூட்டு தேவைப்படும்.

கடன் கொப்பி சொன்னது

எங்கள் குழுவுக்கு அப்படியொரு கேள்வி கிடைத்தது. டிக்கோயா பஸாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் எங்கள் சமூகத்தவர் எல்லோரிடமும் ஒரு கடன் கொப்பி இருக்கும். தோட்டத்து மக்கள் மாவும் சீனியும் பருப்பும் வாங்கிக்கொண்டு, “சம்பளத்துக்குத் தந்துர்றேன் மொதலாளி” என்று சொல்லிப் போவார்கள். சம்பள நாளன்று வந்து தீர்ப்பார்கள். சில மாதங்களில் பாதிதான் தீரும். ஏன்? இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டோம். நான்கு கடைகளில் அனுமதி பெற்று, ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரையான ஆறு மாதப் பக்கங்களைப் பார்த்தோம். எங்கள் வாப்பாவின் கடையும் அதில் ஒன்று.

முதல் நாளே வாக்குவாதம் வந்தது. கடைக்காரர் வீட்டுப் பிள்ளை ஒருத்தி, திருவிழாவும் சடங்கும் என்று அளவு மீறிச் செலவழிப்பதுதான் காரணம் என்றாள். தோட்டத்து லொறி ஓட்டும் ஒருவரின் மகள் அதை ஏற்கவில்லை. “எந்த மாசம் கூடுது, எந்த மாசம் கொறயிது எண்டு பாத்துட்டா பேசுறோம்?” என்று கேட்டாள். எல்லோரும் வாயடைத்துப் போனோம். அந்த ஒரு கேள்வியால் வேலையின் திசையே மாறிற்று. பெயர்களை வெள்ளைக் கடதாசியால் மறைத்துவிட்டு மாதவாரியாகக் கூட்டினோம். மற்றவர் கடனை நாம் பெயரோடு பார்ப்பது முறையல்ல என்று சொன்னவள் இன்னொருத்தி.

கூட்டிப் பார்த்தால் இருவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. ஏப்ரலில் புத்தாண்டுச் செலவால் கடன் ஏறியிருந்தது. ஆனால் அதைவிட நீண்ட ஏற்றம் ஜூனிலும் ஜூலையிலும் இருந்தது. அந்த மாதங்களில் திருவிழா எதுவும் இல்லை. காரணம் கொப்பியில் இல்லை, ஆட்களிடம்தான் கேட்க வேண்டும்.

இங்கேதான் தொடர்பாடல் வந்தது. அச்சடித்த வினாக்கொத்தோடு போனபோது பெண்கள் சிரித்துக்கொண்டே விலகிப் போனார்கள். தங்கள் கடனைப் பற்றிக் கடைக்காரர் பிள்ளைகள் எழுதிக்கொண்டு போவதற்கு அவர்கள் ஏன் பதில் சொல்ல வேண்டும்? எங்கள் குழுவிலேயே அதிகம் பேசாத ஒருத்தி கடதாசியைப் பைக்குள் வைத்துவிட்டு, பஸ் தரிப்பிடத்தில் இருந்த ஒரு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மா விலையில் பேச்சுத் தொடங்கிற்று. அவள் பேசியது குறைவு, கேட்டது அதிகம். அரை மணி நேரத்தில் அந்த அம்மா எல்லாவற்றையும் விளக்கினார். மழை மாதங்களில் கொழுந்து குறைந்துவிடும். வேலை நாளும் குறையும். மலைக்குப் போனாலும் குறித்த நிறை பறிக்காவிட்டால் அன்றைக்கு முழுப் பேர் விழாது, அரைப் பேர்தான். “எங்களுக்கு மட்டும் கடன் வாங்க ஆசையா தங்கச்சி?” என்று கேட்டாராம்.

அரைப் பேர் என்ற சொல் எங்கள் கணக்கீட்டுப் பாடத்தில் இல்லை. ஆனால் கடன் கொப்பியின் ஜூலை மாதத்துப் பக்கத்தை அந்தச் சொல் இல்லாமல் வாசிக்க முடியாது. “கடன் பழக்கம்” என்று வைத்திருந்த தலைப்பு “கடனும் வேலை நாளும்” என்று மாறியது. அறிக்கையை வாப்பா இரவு இருந்து வாசித்தார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் புதிய கொப்பியில் மழை மாதங்களுக்கென்று தனியாகப் பக்கம் ஒதுக்கி, அந்த நிலுவையைத் தீர்க்க நீண்ட தவணை குறிக்கத் தொடங்கினார்.

ஆறு பேரில் ஒருத்தி குறைந்திருந்தாலும் இது நடந்திருக்காது. எதிர்த்துக் கேட்டவள் இல்லாவிட்டால் முதல் நாளே அறிக்கை முடிந்திருக்கும். அமைதியானவள் இல்லாவிட்டால் காரணம் தெரிந்திருக்காது. பெயரை மறைக்கச் சொன்னவள் இல்லாவிட்டால் அந்தக் கொப்பிகளைக் கடைக்காரர்கள் இன்னொரு முறை யாருக்கும் தந்திருக்கமாட்டார்கள்.

இசட் புள்ளியும் ஒளித்துவைத்த குறிப்பும்

“கூட்டாகப் படிப்பதெல்லாம் சரி, கடைசியில் பரீட்சை தனித்தனியாகத்தானே” என்று ஒரு தோழி கேட்டாள். நியாயமான கேள்வி. பல்கலைக்கழக அனுமதி இசட் புள்ளியில் தங்கியிருக்கிறது. கலைப் பாடநெறிகள் நீங்கலாகப் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீத இடங்கள் அகில இலங்கைத் தரவரிசைப்படியும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் கொடுக்கப்படுகின்றன. எமது நுவரெலியா மாவட்டம் அந்தப் பின்தங்கிய 16 மாவட்டங்களில் ஒன்று. அப்படியானால் பக்கத்து மேசைத் தோழி எனக்குப் போட்டியாளர், நல்ல குறிப்பு கிடைத்தால் அவளுக்குக் காட்டக் கூடாது என்று சிலர் நினைக்கிறார்கள்.

இதைச் சற்றுக் கணக்காகப் பார்ப்போம். இசட் புள்ளி என்பது, ஒரு பாடத்தில் நாடு முழுவதும் எழுதியவர்களின் சராசரியிலிருந்து நான் எவ்வளவு தூரத்தில் நிற்கிறேன் என்பதைக் காட்டும் அளவு. அந்தச் சராசரி பல்லாயிரம் பேருடைய புள்ளிகளால் ஆனது. என் தோழி ஒருத்தியின் புள்ளி கூடுவதால் அது அசையாது. மாவட்ட வரிசையில் அவள் என்னை முந்தினால் அதிகபட்சம் ஓர் இடம் போகும். மறுபக்கம் பாருங்கள். கேள்வி நெகிழ்ச்சியை அவளுக்கு நான் விளங்கப்படுத்தும்போது எனக்கு எங்கே விளங்கவில்லை என்பது எனக்கே தெரியவருகிறது. அவள் எனக்குக் கணக்கீட்டில் ஒரு பிழையைக் காட்டித் தருகிறாள். இருவரும் மாவட்டத்தில் பல இடங்கள் முன்னேறலாம். ஒளித்துவைத்த குறிப்பு கறையான் அரிக்கத்தான் உதவும்.

மரியாதையும் ஆலோசனையும்

பெற்றோரின் கவலை வேறு. கேள்வி கேட்கப் பழகிய பிள்ளை மரியாதை இல்லாமல் வளர்ந்துவிடுமோ என்று உம்மாமார் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் நமது மார்க்கமே ஆலோசனைக்கு எவ்வளவு இடம் கொடுத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். குர்ஆனின் 42ஆவது அத்தியாயத்தின் பெயரே அஷ்ஷூரா, அதாவது கலந்தாலோசனை. ஹுதைபிய்யா உடன்படிக்கையின்போது மனம் சோர்ந்திருந்த தோழர்கள் குர்பான் கொடுத்துத் தலைமுடி களையத் தயங்கி நின்றார்கள். நபி (ஸல்) அவர்கள் அதை மனைவி உம்மு ஸலமா (ரலி) அவர்களிடம் சொன்னார்கள். எவரோடும் பேசாமல் தாங்களே வெளியே சென்று முதலில் செய்யுங்கள் என்று அவர் ஆலோசனை சொன்னார். நபியவர்கள் அப்படியே செய்தார்கள், தோழர்களும் எழுந்து செய்தார்கள். ஒரு பெண் நிலைமையைக் கூர்ந்து பார்த்துத் தன் கருத்தைச் சொன்னார், அது கேட்கப்பட்டது. அங்கே மரியாதை எந்த விதத்திலும் குறையவில்லை.

நமது நாட்டு முஸ்லிம்களின் கல்விக்கு அடித்தளம் இட்டவர்களும் தனி ஆளாக நின்று அதைச் செய்யவில்லை. கண்டியில் பிறந்த அறிஞர் சித்திலெப்பை சட்டத்தரணி, எழுத்தாளர். 1882இல் “முஸ்லிம் நேசன்” பத்திரிகையைத் தொடங்கி, ஏன் நமது பிள்ளைகள் நவீன கல்வியில் பின்தங்கினார்கள் என்று அஞ்சாமல் கேட்டவர். 1891இல் கண்டியில் முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்குப் பாடசாலை திறந்தவரும் அவரே. வாப்பிச்சி மரிக்கார் கட்டட ஒப்பந்தகாரர், கொழும்பு நூதனசாலையைக் கட்டியவர். ஒராபி பாஷா எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு 1883இல் இங்கு வந்தவர். எழுத்து ஒருவரிடம், கட்டும் ஆற்றல் ஒருவரிடம், உலக அனுபவம் ஒருவரிடம். இந்த மூவரின் முயற்சிகளும் ஒன்றுசேர்ந்ததன் விளைவுகளில் ஒன்றுதான் 1892இல் கொழும்பில் உருவான ஸாஹிரா. மூவரும் ஒரே வேலையைப் பங்கு போட்டிருந்தால் அது நடந்திருக்காது. ஒவ்வொருவரும் மற்றவரிடம் இல்லாததைக் கொண்டுவந்தார்கள்.

என்ன செய்யலாம்?

குறை சொல்வது சுலபம். ஆகவே செய்யக்கூடிய சிலவற்றையும் சொல்கிறேன்.

முதலாவது, குழுச் செயற்றிட்டத்தின் தலைப்பு கேள்வியாக இருக்கட்டும். அதுவும் நமது ஊரில் விடை தேடக்கூடிய கேள்வியாக இருக்கட்டும். காலை பஸ் தாமதமாவதால் எத்தனை மாணவிகளின் முதற் பாடம் போகிறது? நகரில் எந்தத் தெருவில் குப்பை தேங்குகிறது, ஏன்? முடிந்த பிறகு அட்டையைப் பார்க்காமல், ஆறு பேரில் யாரையாவது ஒருத்தியை எழுப்பி முழுவதையும் விளக்கச் சொல்லட்டும். அவள் சொல்வதே ஆறு பேருக்கும் புள்ளி. அப்போது ஒருத்தி எழுதி மற்றவர்கள் பார்த்திருக்கும் பழக்கம் தானாக ஒழியும்.

இரண்டாவது, வகுப்பிலும் கூட்டாகப் படிக்க ஒரு முறை உண்டு. 1971இல் அமெரிக்காவின் ஒஸ்டின் நகரில், வெவ்வேறு இனப் பிள்ளைகள் முதன்முறையாக ஒன்றாகப் படிக்கத் தொடங்கியபோது வகுப்புகளில் பகைமை கூடியது. எலியட் அரன்சன் என்ற உளவியலாளர் பாடத்தைப் பல துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துண்டு கொடுத்தார். தன் துண்டை நன்றாகப் படித்து மற்றவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். மற்றவர் சொல்வதைக் கவனமாகக் கேட்காவிட்டால் தனக்கு முழுப் பாடமும் தெரியாது. சில வாரங்களில் கேலி குறைந்து, கேட்கும் பழக்கம் வந்தது. இதற்குக் கணினியோ புரொஜெக்டரோ வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு பாடவேளை போதும்.

மூன்றாவது, பெற்றோருக்கு. மகள் பாடசாலையிலிருந்து வந்ததும் “எத்தனை புள்ளி?” என்று கேட்கும் அதே அன்போடு, “இன்றைக்கு நீ என்ன கேள்வி கேட்டாய்?” என்றும் கேட்டுப் பாருங்கள். வீட்டுச் செலவுக் கணக்கை அவளிடமும் காட்டுங்கள். நானாவின் வேலை, தாத்தாவின் கலியாணம் என்று பேசும்போது அவளையும் உட்காரச் சொல்லுங்கள். அவள் சொல்வதை ஏற்காவிட்டால் ஏன் ஏற்கவில்லை என்ற காரணத்தைச் சொல்லுங்கள். காரணம் கேட்டு வளர்ந்த பிள்ளை நாளை தானும் காரணத்தோடு பேசும்.

நான்காவது, தோழிகளாகிய நமக்கு. ஓ.ஈ.சி.டி. அமைப்பு 2015இல் 52 நாடுகளிலும் பிரதேசங்களிலும் 15 வயது மாணவர்களிடம் கூட்டாகப் பிரச்சினை விடுவிக்கும் திறனைச் சோதித்தது. பங்குபற்றிய எல்லா இடங்களிலும் மாணவிகளே முன்னிலையில் இருந்தார்கள். இலங்கை அதில் பங்குபற்றவில்லை. இதை வாசித்துவிட்டு, பெண்களுக்கு இது பிறவியிலேயே வருகிறது என்று பெருமையோடு இருந்துவிட்டால் நாம் சிந்திக்கப் பழகவில்லை என்றுதான் அர்த்தம். அந்தச் சோதனையில் முடிவெடுக்கும் உரிமை அவர்கள் கையில் இருந்தது. நமக்கும் அந்த வாய்ப்புக் கிடைக்கிறதா, கிடைத்தால் அதைப் பயன்படுத்துகிறோமா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. வகுப்பில் அதிகம் பேசாத தோழியிடம் அவள் கருத்தைக் கேட்பதிலிருந்து தொடங்கலாம்.

உயர்தரம் எழுதும் எல்லோருக்கும் அரச பல்கலைக்கழகங்களில் இடம் இல்லை. இந்த இதழைக் கையில் வைத்திருக்கும் நம்மில் சிலர் பட்டதாரிகளாவார்கள், சிலர் ஆசிரியராவார்கள், சிலர் கடையைப் பார்ப்பார்கள், பலர் சீக்கிரம் குடும்பப் பொறுப்பை ஏற்பார்கள். பெறுபேற்றுத் தாள் ஒரு சிலரைத்தான் வாயிலைத் தாண்டி அழைத்துப் போகும். கேட்கவும், ஆராயவும், சேர்ந்து முடிவெடுக்கவும் தெரிந்தால் அது எந்த வாயிலில் நிற்பவளுக்கும் பயன்படும். அதற்கு இசட் புள்ளி தேவையில்லை, மாவட்ட ஒதுக்கீடும் தேவையில்லை. அதனால்தான் அதை யாரும் அளக்காவிட்டாலும் நாம் வளர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறேன்.